பூக்காத நாலாம் நம்பர்

நிபியா கப்ரேராவின் விரல்களுக்குக் கொஞ்சம் திமிர் அதிகம். தலைநகர் மொந்தெவிதேயோவில் ஒரு கம்பளிக் கிடங்கில் முப்பத்தோரு வருடம் ஆட்டு ரோமத்தைத் தரம் பிரித்த விரல்கள் அவை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு கற்றையை இழுத்துப் பார்ப்பாள். இது முதல் தரம், இது போர்வைக்கு, இது மெத்தைக்கு என்று அடுத்த மூச்சுக்குள் சொல்லிவிடுவாள். தப்பாகச் சொன்னதாக ஒரு தடவைகூடப் புகார் வந்ததில்லை. ஓய்வு பெற்றுக் கணவன் தார்தோவுடன் கடலோரத்துச் சலீனாஸுக்குக் குடிவந்து கஞ்சா வளர்க்க ஆரம்பித்தபோது, செடியையும் அப்படியே தொட்டுப் பார்த்துத் தரம் பிரித்துவிடலாம் என்று நம்பினாள். வினை அங்கேதான் தொடங்கியது.

அந்த நாட்டுச் சட்டப்படி கஞ்சா வளர்ப்பதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. தபால் ஆபீசில் பெயரைப் பதிந்துவிட்டால் வீட்டுக்கு ஆறு பூச்செடி வைத்துக்கொள்ளலாம். ஏழாவது வைத்தால் குற்றம், ஒரு கிராம் விற்றாலும் குற்றம். அவள் இருந்த மணல் தெருவில் பாதி வீட்டுக் கொல்லையில் தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் பக்கத்தில் அதுவும் நிற்கும். சாயங்காலமானால் ஃபிளாஸ்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலியோரம் கூடி, ஒரே குழலில் மாத்தே என்ற கசப்பு மூலிகைத் தேநீரை மாற்றி மாற்றி உறிஞ்சியபடி, யார் செடி எத்தனை உயரம், யார் செடியில் புழு விழுந்தது என்று ஊர்க்கதை பேசுவார்கள். மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு. நிபியாவுக்கு மட்டும் தூங்கவிடாத கேள்வி ஒன்று இருந்தது.

முதலில் அவளிடம் இரண்டு ரகங்கள்தான் இருந்தன. ஒன்று குட்டை, தடித்த தண்டு, காற்றுக்கும் மழைக்கும் அசையாது. அதற்குச் செவிடி என்று பெயர் வைத்தாள். இரண்டு இழுப்பில் முழங்கால் கழன்றுவிடும். ருசி என்னவோ வேகவைத்த அட்டை. இன்னொன்று பிரேசில் எல்லையிலிருந்து ஒரு லாரிக்காரன் கொண்டுவந்து கொடுத்த விதை. கூரையைத் தாண்டி வளர்வதால் நெட்டையன். பற்றவைத்தால் வாயெல்லாம் கொய்யாப்பழம். வேகம் என்று பார்த்தால் ஒரு கொசுகூட மயங்காது. செவிடியின் வேகமும் நெட்டையனின் ருசியும் ஒரே செடியில் இறங்குமா, இறங்காதா? இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது அவளால். நெட்டையனின் மகரந்தத்தை முகப்பவுடர் பிரஷில் தொட்டுச் செவிடியின் ஒரே ஒரு கிளையில் தடவினாள். காகிதப் பையைக் கட்டி விதை எடுத்தாள். முளைத்ததில் நல்லதாகத் தோன்றியதைப் பொறுக்கி மறுபடி கலந்தாள். இப்படியே நாலு வருடம், மூன்று தலைமுறை. பேரப்பிள்ளைகள் இல்லாத குறையை அந்தச் செடிகளிடம் தீர்த்துக்கொள்கிறாள் என்று தார்தோ தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

நாலாவது வருடம், அங்கே வசந்தம் தொடங்கும் அக்டோபரில், பன்னிரண்டு விதை போட்டாள். பன்னிரண்டும் முளைத்தன. டிசம்பரில் அவற்றில் ஆறு ஆண் என்று தெரிந்தது. தெரிந்த அன்றே பிடுங்கிப் போட்டாள். ஓர் ஆண் செடி நின்றுவிட்டாலும் தெருவிலுள்ள அத்தனை பூவும் விதையாகி வீணாகும், அப்புறம் யார் முகத்திலும் முழிக்க முடியாது. மிச்சம் நின்றவை ஆறும் பெண். ஒவ்வொன்றின் காலடியிலும் எண் எழுதிய ஓட்டுத்துண்டைச் செருகி வைத்தாள்.

ஒரே வயிற்றுப் பிள்ளைகள் ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. ஒன்றாம் நம்பர் செவிடியை உரித்து வைத்திருந்தது. மூன்று, நெட்டையனைவிட நெட்டை. ஐந்துக்கு இலையெல்லாம் கோணல். ஆறு எதிலும் சேராமல் நடுவில் நின்றது. இரண்டாம் நம்பர்தான் பார்த்த கண்ணுக்கு ராணி. தடித்த தண்டு, நெருக்கமான கணுக்கள். தண்டை லேசாகத் தேய்த்துவிட்டுச் சமையலறைக்குள் வந்தால், அடுப்பில் வெங்காயம் வதங்கும் வாசனையை மீறி அவள் விரல் மணக்கும். நாலாம் நம்பரோ நோஞ்சான். வெளிறிய இலை, வளைந்த தண்டு. தேய்த்து முகர்ந்தால் ஈர அட்டைப்பெட்டி வாசனை. மழை பெய்தால் நிமிர்வதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும்.

இந்தத் தொழிலில் ஒரு வில்லங்கம் உண்டு. எது நல்ல செடி என்பது பூத்து, காய்ந்து, ஜாடியில் இரண்டு மாதம் ஊறிய பிறகுதான் தெரியும். ஆனால் பூத்த செடி அதோடு செத்துப்போகும். அதைக் காப்பாற்றி வைக்க வேண்டுமானால், பூப்பதற்கு முன்னாலேயே ஒரு கிளையை வெட்டி, வேர் பிடிக்க வைத்து, இரவும் பகலும் விளக்கு வெளிச்சத்தில் வைத்திருக்க வேண்டும். இரவு நீளமானால்தான் அது பூக்கும். வெளிச்சம் இருக்கிறவரை கோடைக்காலம் என்று நினைத்துக்கொண்டு இலை விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் ஆறிலும் ஆறு கிளை வெட்டி, எண் எழுதி வைத்து, ஜாடி வாய் திறக்கும்வரை காத்திருப்பார்கள். நிபியாவுக்கும் விவரம் தெரியும். படுக்கையறை அலமாரியில்தான் இடம் இல்லை.

"என் கோட்டுகளையெல்லாம் எங்க மாட்டுறது? அதுங்களுக்கு விளக்கு, காத்தாடி. எனக்கு நாற்காலி முதுகா?" என்றான் தார்தோ. பள்ளிக்கூடச் சமையற்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். நெஞ்சுச் சளிக்காரன், புகை ஆகாது. ஆனால் மூக்கும் நாக்கும் கூர்மை.

"ஒண்ணே ஒண்ணுதான் வைக்கப்போறேன் கெழவா. ரெண்டாம் நம்பர்."

"மத்த அஞ்சும்?"

"பூக்கட்டும், காயட்டும். அதோட சரி."

"ருசி பார்க்காமலே முடிவு கட்டிட்டே?"

"விரல் சொல்லுது."

"ஓ, விரல்ல நாக்கு முளைச்சிருக்கா."

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் நம்பரில் மட்டும் ஒரு கிளையை வெட்டி அலமாரியில் வைத்தாள்.

அந்த வாரத்தில்தான் எதிர்வீட்டு எபேர் ஒலிவேரா, பேக்கரியில் வாங்கிய சூடான வெண்ணெய்ப் பன்களை ஒரு பொட்டலமாக எடுத்துக்கொண்டு வந்தான். இருபத்தாறு வருடம் இரவு பஸ் ஓட்டியவன், மனைவியை இழந்தவன். வேலையை விட்டு மூன்று வருடமாகியும் இரவில் கண் மூடுவதில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரை அவனைப் பகலிலும் தள்ளாட வைத்தது. தூக்கத்துக்கு மாத்திரைக்குப் பதிலாக அவனுக்கு ஒரே ஒரு செடி வேண்டும், தானே வளர்த்தது. தபால் ஆபீசில் பெயரும் பதிந்துவிட்டான். அவன் கையில் தக்காளி கூடத் தங்காது என்பது தெருவுக்கே தெரியும்.

"உன் புதுக் கலப்புல ஒரு கிளை குடேன், எதிர்வீட்டுக்காரி. வேற யார்கிட்டயும் கேக்க மனசில்ல."

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கிளையை யாரும் விற்பதில்லை, கேட்டவருக்கு இல்லை என்றும் சொல்வதில்லை. கொடுக்கிறவர் அந்தச் செடியைப் பற்றித் தமக்குத் தெரிந்ததை, குறையையும் சேர்த்து, வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும். சட்டத்தில் இல்லாத இந்த வழக்கத்தைச் சட்டத்தைவிட ஒழுங்காக எல்லாரும் காப்பாற்றி வந்தார்கள்.

நிபியா கத்திரியோடு கொல்லைக்குப் போனாள். இரண்டாம் நம்பர் முன்னால் நின்றாள். நாலு வருட உழைப்பு. அதைத் தக்காளி கொல்லுகிறவனிடமா? அவன் கொன்றுவிட்டாலாவது பரவாயில்லை. கொல்லாமல் வளர்த்துவிட்டால், ஊரில் முதல் ஆளாகக் கொண்டாடிக்கொண்டு, கேட்டவருக்கெல்லாம் வெட்டிக் கொடுத்துவிடுவான். அவள் கேள்விக்கான விடை அவள் வாயிலிருந்து வருவதற்குள் தெரு முழுக்க முளைத்து நிற்கும். இரண்டடி நகர்ந்தாள். நாலாம் நம்பரில் ஒரு கிளையை வெட்டி, ஈரக் காகிதத்தில் சுற்றினாள்.

"அம்மா வழி செவிடி, அப்பா வழி நெட்டையன். நாலு வருஷம் ஆச்சு இதுக்கு" என்றாள். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் விஷயம்.

"உன் நாலு வருஷத்தை எங்கிட்ட குடுக்கிறியே" என்று எபேர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

எல்லாரும் ஆச்சரியப்படும்படி அந்தக் கிளை பிழைத்தது. எபேர் அதைப் பெரிய தகரத் தொட்டியில் வைத்து, திருடன் பார்க்காதபடி, முன்பக்கச் சுவரின் உள்புறத்தோடு ஒட்டி நிறுத்தினான். தினம் இரண்டு வேளை அதோடு பேசினான்.

மார்ச் மாதம் தெருவெல்லாம் பூ வைத்தது. மண் பாதையில் நடந்தாலே மூக்கில் ஏறும். நிபியாவின் ஆறும் பிசுபிசுத்து நின்றன. ஒரு மத்தியானம் எபேர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான்.

"என்னுது மட்டும் பூக்க மாட்டேங்குது நிபியா. இலை, இலை, இலைதான். ஒரு எட்டு வந்து பாரேன்."

போய்ப் பார்த்தாள். தோள் உயரம், கரும்பச்சை, ஒரு மொட்டு இல்லை. அண்ணாந்து பார்த்தாள். போன வருடம் நகராட்சிக்காரர்கள் மாற்றிய புதுத் தெருவிளக்கு, வெள்ளை வெளிச்சக்காரன், சுவருக்கு நேர் மேலே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. பகலில் அணைந்துதான் இருந்தது, ஆனாலும் அவளுக்கு அரை நொடியில் புரிந்துவிட்டது. இந்தச் செடிக்கு இரவே வருவதில்லை. தொட்டியைக் கொல்லைப்புறத்துக்கு நகர்த்தினால் மூன்று வாரத்தில் பூத்துவிடும்.

வாய் திறக்கப்போனவள் மூடிக்கொண்டாள். பூத்தால்? பூத்தால் அந்த நோஞ்சானின் லட்சணம் வெளியே வரும். ஈர அட்டைப்பெட்டியைப் புகைத்துப் பார்த்துவிட்டு, நிபியா தன் தலையில் எதைக் கட்டினாள் என்று எபேருக்கு விளங்கிவிடும். பூக்காமலே இருந்துவிட்டால், தக்காளிக்கு ஆனதுதான் இதற்கும் ஆயிற்று என்று ஊர் சிரித்துவிட்டுப் போகும்.

"பொறுமையா இரு எபேர். தண்ணிய மட்டும் நிறுத்திடாதே. அதுக்கு வேளை வரும்போது பூக்கும்" என்றாள்.

"நீ சொன்னா சரி" என்றான் அவன்.

வீட்டுக்கு வரும் வழியில் அவளுக்குச் சிரிப்பு வந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நல்ல மனுஷிதான். அன்றைக்குச் சிரித்தாள்.

ஏப்ரலில் அறுவடை. இரண்டு வாரம் இருட்டறையில் தலைகீழாகத் தொங்கவிட்டு, ஆறு ஜாடிகளில் அடைத்து, எண் ஒட்டினாள். வேர்களைப் பிடுங்கி உரக்குழியில் போட்டுவிட்டு, அந்தப் பாத்தியில் மொச்சை விதைத்தாள். தினமும் காலையில் ஜாடிகளைத் திறந்து ஐந்து நிமிடம் காற்றாட விட்டு மூடுவாள். ஆரம்பத்தில் ஆறிலும் காய்ந்த புல் வாசனைதான். போகப் போக ஒவ்வொன்றும் தன் குணத்தைக் காட்டத் தொடங்கும். அதை அவசரப்படுத்த முடியாது. அவளும் இந்தத் தடவை மூக்கை அடக்கிக்கொண்டு, ஜூன் மூன்றாம் வாரம்வரை எதையும் முகர்ந்து பார்ப்பதில்லை என்று சபதம் போட்டிருந்தாள்.

சபதம் முடிந்த நாள் மழை. மழை நாளென்றால் தார்தோ மாவு பிசைந்து எண்ணெயில் வட்டம் வட்டமாகப் பொரிக்க ஆரம்பித்துவிடுவான். ஆறு ஜாடிகளையும் எண் தெரியாதபடி பின்பக்கமாகத் திருப்பி, இடம் மாற்றி, மேஜையில் வரிசையாக வைத்தாள்.

"கைய கழுவிட்டு வா. ஒண்ணொண்ணா முகர்ந்து என்ன தோணுதோ சொல்லு. அழகா சொல்லணும்னு இல்ல. உள்ளதைச் சொல்லு."

தார்தோ ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முதல் ஜாடி.

"குதிரை லாயம். குதிரை வெளிய போயிருக்கு."

அடுத்தது. "தரை துடைக்கிற மருந்து. நம்ம ஸ்கூல்ல திங்கக்கிழமை அடிக்கும்."

மூன்றாவது. "எலுமிச்சைத் தோல். கழுவாதது."

நான்காவது. "பைன் மரப் பிசின். நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் அலட்டல்."

ஐந்தாவது ஜாடியைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, அப்படியே இருந்தான். அடுப்பில் எண்ணெய் கரிந்தது. நிபியா ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தாள்.

"என்ன? சொல்லித் தொலை."

"கொய்யாப்பழம். நல்லா பழுத்தது, கையில எடுத்தா அமுங்குறது. அதுக்குப் பின்னாடி ஒரு சொட்டு மண்ணெண்ணெய். அதுக்கும் பின்னாடி மிளகு." அவன் ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "கெழவி, இதைச் சாப்பிட முடியுமா?"

நெட்டையனின் கொய்யா. நாலு வருடம் கழித்து இறங்கி வந்திருக்கிறது. வேகம்? அதையும் பார்த்துவிட வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்து உருட்டி, ஜன்னலோரம் போய் இரண்டே இழுப்பு இழுத்தாள். புகை போன பிறகும் நாக்கில் கொய்யா உட்கார்ந்திருந்தது. ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்தாள். ஜன்னலுக்கு வெளியே மொச்சை இலையில் மழைத்துளி விழுந்து, இலை தலையாட்டி, துளியைக் கீழே விட்டு நிமிர்வதைப் பார்த்தாள். எல்லா இலையும் ஒரே மாதிரித் தலையாட்டுமா என்று அடுத்ததைப் பார்த்தாள். அதற்கடுத்ததை. தார்தோ தோளைத் தொட்டபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள். முழங்கால் இருந்த இடத்தில் இல்லை. அது செவிடியின் வேலை. சந்தேகமே இல்லை.

"வந்திருச்சு கெழவா. ரெண்டும் சேர்ந்து வந்திருச்சு" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "எடு ஜாடிய. நான் அப்பவே சொன்னேன்ல, ரெண்டாம் நம்பர்னு."

தார்தோ ஜாடியைத் திருப்பினான். அதில் நாலு என்று எழுதியிருந்தது. அலட்டல் என்று அவன் சொன்ன பிசின் ஜாடியையும் திருப்பினான், அதுதான் ரெண்டு.

நிபியா ஜன்னல் வழியாக அந்தப் பாத்தியைப் பார்த்தாள். நாலாம் நம்பர் நின்ற இடத்தில் மொச்சை கொடி வீசிக்கொண்டிருந்தது.

"வேர் இருக்கா?"

"உரக்குழியில."

"விதை மிச்சம் இருக்குல்ல? மறுபடி போடு."

"நம்ம ரெண்டு பேருக்கும் பத்துப் பிள்ளை பிறந்தாலும் பத்தும் வேற வேறதான் தார்தோ. இதே பிள்ளை திரும்ப வராது."

"அப்ப போயிருச்சா?"

"எபேர்கிட்ட இருக்கு."

தார்தோவுக்கு விஷயம் மெல்லத்தான் ஏறியது. ஏறியதும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "நாலையா குடுத்தே அவனுக்கு? நோஞ்சான்னு நீயே திட்டிட்டு இருந்தியே, அதையா?"

"ஆமா."

"பொட்டலம் பொட்டலமா பன் வாங்கிட்டு வந்தானே அந்த மனுஷன்."

"எனக்குத் தெரியும். நீ வேற சொல்லாதே."

தெருவிளக்கு விஷயத்தை அவள் கணவனிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு இப்போது ஒன்று புரிந்தது. அந்த விளக்கு இருப்பதால்தான் எபேரின் செடி இன்னும் உயிரோடு இருக்கிறது. மார்ச்சில் அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் அது பூத்து, மே மாதத்தோடு முடிந்து, இன்றைக்கு இந்த உலகத்திலேயே நாலாம் நம்பர் இருந்திருக்காது. அவள் செய்த இரண்டு கெட்ட காரியமும் கைகோத்துக்கொண்டு அவள் நாலு வருடத்தைக் காப்பாற்றி வைத்திருந்தன. இதை நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மத்தியானம் மழை விட்டதும் ஒரு பொட்டலம் பன் வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். அவன் அலுத்துப்போய்ச் செடியைப் பிடுங்கியிருப்பானோ என்ற பயம் அவளுக்கு இருந்தது. சுவருக்கு மேல் தலை தெரிந்தது. செடி நின்றது. நின்றது மட்டுமா, நாலு பக்கமும் மூங்கில் ஊன்றி, ஜூன் மாதக் குளிர் காற்றுக்குப் பிளாஸ்டிக் தாள் கட்டி, தகரத் தொட்டிக்குச் சாக்கு சுற்றியிருந்தது. எபேரின் சட்டை ஒன்றுகூட அதன் இடுப்பில் இருந்தது.

"வா வா எதிர்வீட்டுக்காரி" என்று அவன் நாற்காலி போட்டான். மாத்தேயை நிரப்பி நீட்டினான். முகம் வெளுத்திருந்தது, கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. "இன்னும் பூக்கல. ஆனா நீ சொன்ன மாதிரி தண்ணிய நிறுத்தவே இல்ல. எல்லாரும் பிடுங்கிப் போடுன்னாங்க. நிபியா சொல்லியிருக்கா, வேளை வரும்னேன்."

அவள் உறிஞ்சி முடித்துத் திருப்பிக் கொடுத்தாள். பன் பொட்டலத்தை அவன் பக்கம் வைத்தாள். "எபேர், இதுல ஒரு கிளை வேணும் எனக்கு."

"இதுலயா?" என்றான் ஆச்சரியமாக. கத்தியை எடுக்க எழுந்தவன், எழுந்தபடியே நின்றான். தலையைச் சொறிந்தான். மறுபடி உட்கார்ந்தான். "இல்ல நிபியா. குடுக்க மாட்டேன்."

"கேட்டா இல்லேன்னு சொல்லக் கூடாது."

"குறையையும் சொல்லிக் குடுக்கணும்னும் இருக்குல்ல. நான் உள்ளதைச் சொல்றேன். இது மலடு. ஆறு மாசமா பாக்குறேன். நீ நல்லதாத்தான் குடுத்தே, எங்கிட்ட வந்து இப்படி ஆயிருச்சு. என் கை ராசி. உன் வீட்ல ஆறுக்குத்தான் இடம் இருக்கு. கெட்டதுன்னு தெரிஞ்சே உன் தலையில எப்படிக் கட்டுவேன்? எனக்கு மனசு வரல."

அவள் கத்தியைப் பார்த்தாள். சும்மா இருந்தால் போதும். பரவாயில்லை குடு, நான் பார்த்துக்கிறேன் என்று சொன்னால் அவன் கொடுத்துவிடுவான். கிளையோடு வீட்டுக்குப் போய்விடலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"மலடு இல்ல" என்றாள். "மேல விளக்கு எரியுது. அதுக்கு ராத்திரியே வரல. பின்பக்கம் தள்ளி வச்சா பூத்திரும்."

எபேர் அண்ணாந்து விளக்கைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

"இது எப்பத் தெரியும் உனக்கு?"

"மார்ச்ல."

"வந்து பார்த்தியே, அன்னைக்கா?"

"அன்னைக்குத்தான்." நிறுத்தினால் மீதி வராது என்று தெரிந்து ஒரே மூச்சில் சொன்னாள். "பூத்தா வெளிய தெரிஞ்சிரும்னு சொல்லல. உனக்கு நான் நல்லதைக் குடுக்கல எபேர். ஆறுல இருந்ததுலயே மட்டமானதைத்தான் வெட்டிக் குடுத்தேன். மட்டம்னு நினைச்சேன். நேத்துத்தான் தெரிஞ்சது, அதுதான் இருக்கறதுலயே ஒசத்தி. எங்கிட்ட இப்ப அது இல்ல. உங்கிட்ட மட்டும்தான் இருக்கு."

அவன் மாத்தேயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். அவளுடைய முறை வந்தும் நிரப்பவில்லை. ஃபிளாஸ்கின் மூடியை மட்டும் திருகி மூடினான்.

"ஆறு மாசம்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "மாத்திரைய நிறுத்திட்டேன், இது பூத்திரும்னு. ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம்தான் தூங்குறேன் நிபியா."

மன்னித்துவிடு என்றாள். சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

எபேர் எழுந்து உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. அவள் போவதா இருப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் செடி. அவள் ஏப்ரன் பையில் கத்திரி இருந்தது. அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கத்தியும் ஈரக் காகிதமுமாக வந்தான். செடியின் உச்சியில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று நல்ல கிளைகளாகத் தேடி வெட்டினான். தக்காளி கொல்லுகிற கை இல்லை அது. சாய்வாக, சுத்தமாக வெட்டியது. மூன்றையும் சேர்த்துச் சுற்றி அவளிடம் நீட்டினான்.

"ஒண்ணு போதும் எபேர்."

"மூணா எடுத்துக்கோ. ஒண்ணு பட்டுப்போனா மறுபடி கேட்டு வருவே. அது வேணாம்."

பன் பொட்டலத்தையும் எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

மறுநாள் காலையில் அவள் வாசல் ஜன்னலிலிருந்து பார்த்தாள். எபேர் அந்தத் தகரத் தொட்டியைத் தன்னந்தனியாகப் பின்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான். இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம். இரண்டடி இழுப்பான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான். தார்தோ செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான். அவன் கை கொடுத்ததை எபேர் மறுக்கவில்லை. அவள் போகவில்லை.

தார்தோ தன் கோட்டுகளையெல்லாம் யாரும் கேட்காமலே அலமாரியிலிருந்து எடுத்து நாற்காலி முதுகில் போட்டான். அவள் மூன்று கிளைகளையும் மூன்று தயிர்க் கோப்பையில் நட்டு, விளக்கடியில் வைத்தாள். தினம் காலையில் போய்ப் பார்த்தாள். இந்த ஒரு ரகத்துக்காக நாலு வருடம் காத்திருந்தவள் அவள். இருந்தும், ஒன்றாவது பட்டுப்போகட்டும், ஒரே ஒன்று, எதிர்வீட்டுக் கதவைத் தட்ட ஒரு காரணம் கிடைக்கட்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் அலமாரியைத் திறந்தாள்.

பன்னிரண்டாம் நாள் கோப்பைகளைத் தூக்கி அடியில் பார்த்தாள். மூன்றும் வேர் பிடித்திருந்தன.